கம்மி காசுல சியர்காவ் தீவு: போறது, தங்குறது, சாப்பிடுறது, அலை பழகுறது

பிலிப்பைன்ஸ்ல சர்ஃபிங்னு பேச்சு எடுத்தாலே முதல்ல வர்ற பேரு சியர்காவ். மிந்தனாவோவுக்கு வடகிழக்கு மூலையில, சுரிகாவ் டெல் நோர்த்தே மாகாணத்துல இருக்கற தீவு, கிழக்குப் பக்கம் பூரா திறந்த பசிபிக் கடல். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி கடலுக்கடியில பிலிப்பைன் அகழி போகுது, சில இடத்துல 10,000 மீட்டருக்கும் மேல ஆழம், அதனால நடுக்கடல்ல எங்கயோ புயல்ல கிளம்பின அலை வர்ற வழியில தரை தட்டி வேகம் குறையாம அப்படியே வந்து கரையோர பவளப்பாறை மேல ஏறி சுருளுது. கிளவுட் நைன்னு சொல்ற அலை அதுதான், 1990கள்ல சர்ஃபிங் பத்திரிகைல போட்டோ வந்ததும் உலகம் பூரா ஆளுங்க தேடி வர ஆரம்பிச்சாங்க.

இன்னிக்கு இன்ஸ்டாகிராம்ல பார்த்தா அந்தத் தீவுல இருக்கறதெல்லாம் நீச்சல் குளம் வெச்ச வில்லாவும் ஆயிரம் ரூபா காலை டிபனும்தான்னு தோணும். அது ஜெனரல் லூனா ஊர்ல ஒரே ஒரு மெயின் ரோடு, அவ்வளவுதான். மீன் பிடிக்கறவங்களும் தென்னந்தோப்பு வெச்சிருக்கறவங்களும் குடும்பம் நடத்தற ஊரு அது, அவங்க சாப்பிடற இடத்துல சாப்பிட்டு, அவங்க போற படகுல போயி, அவங்க வீட்டு மாடில தங்கினா நம்மால தாராளமா சமாளிக்க முடியும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், இந்தத் தீவுல காசைக் குறைக்கலாம்ங்கற இடமும் இருக்கு, குறைக்கவே கூடாதுங்கற இடமும் இருக்கு. பயணத்துல குறைங்க, ரூம்ல குறைங்க, சாப்பாட்டுல குறைங்க, ஆனா தண்ணியில உங்க கூட நிக்கற ஆளுக்கும் உங்க உடம்புக்கும் ஆகற செலவுல கை வைக்காதீங்க.

எந்த மாசம் போறீங்கங்கறதுலயே பாதி செலவு முடிவாயிடும். பெரிய அலை ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும், செப்டம்பர் அக்டோபர்தான் உச்சம், சர்ஃபிங் போட்டியும் வழக்கமா அந்த சமயத்தை ஒட்டித்தான் வரும், அப்போ ரூம் வாடகையும் ஏறும் தண்ணியில கூட்டமும் ஏறும், நல்லா தேர்ந்தவங்க நடுவுல புதுசா பழகறவங்களுக்கு நிம்மதியே இருக்காது. தென்மேற்குக் காத்தை அங்க ஹபகாத்னு சொல்வாங்க, சுமாரா ஜூன்ல இருந்து அக்டோபர் வரை, அது தரையில இருந்து கடல் பக்கமா வீசறதால கிழக்குக் கரையில அலை கலையாம சுத்தமா எழும்பும். அதுக்கப்புறம் அமிஹான், வடகிழக்குக் காத்து, கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும், மழையும் கொட்டும், டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நாள் கணக்கா வெயிலே எட்டிப் பார்க்காம போகலாம். அந்த சமயத்துல ரூம் சீப்பா கிடைக்குதுன்னு புக் பண்ணிட்டு ஜன்னல் வழியா மழையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தா அது மிச்சம் இல்ல, நஷ்டம். முதல் தடவை போறவங்க, இதுவரை போர்டு மேல நின்னதே இல்லைங்கறவங்க மே, ஜூன், ஜூலைல போங்க. அலை சின்னதா இருக்கும், மழை கம்மி, வாடகையும் பேசலாம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் மட்டும் வேணவே வேணாம், நாடே லீவு எடுத்து கடற்கரைக்குக் கிளம்பற வாரம் அது.

விசா விஷயம் இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு 2025 ஜூன்ல இருந்து ரொம்ப ஈசியாயிடுச்சு, சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாமயே உள்ள போகலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசமாவது செல்லணும், திரும்பிப் போற டிக்கெட், தங்கற இடத்தோட புக்கிங், கையில காசு இருக்குன்னு காட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் இதெல்லாம் பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க, செக்-இன் கவுண்டர்லயே கேப்பாங்க. அந்த 14 நாளை அங்க போய் நீட்டிக்க முடியாது, அதனால பிளான் போடும்போதே ரெண்டு நாள் கையில வெச்சுப் போடுங்க, காரணம் கடைசில சொல்றேன். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன், சிங்கப்பூர், யூகே இதுல எதாவது ஒண்ணோட செல்லற விசா இருக்கறவங்களுக்கு 30 நாள். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வெச்சிருக்கற நம்மாளுங்களுக்கும் 30 நாள். கிளம்பறதுக்கு முன்னாடி 72 மணி நேரத்துக்குள்ள ஈ-டிராவல் ஃபார்ம் ஆன்லைன்ல நிரப்பணும், அது முழுக்க இலவசம், காசு கேக்கற வெப்சைட் எதுவா இருந்தாலும் அது அரசாங்கத்தோடது இல்ல, மூடிட்டு வெளிய வந்துடுங்க.

மணிலா போகணும்னு அவசியமே இல்ல, செபு வரைக்கும் டிக்கெட் போடுங்க. தமிழ்நாட்டுல இருந்து சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் எதுல இருந்து கிளம்பினாலும் ஸ்கூட்ல சிங்கப்பூர் போயி அங்க இருந்து செபு போறது பட்ஜெட்டுக்கு ஒத்து வர்ற வழி, கோலாலம்பூர் வழியாவும் பாருங்க. இதுல ஒரு கண்ணி இருக்கு. ரெண்டு தனித்தனி டிக்கெட்டா வாங்கினா கொஞ்சம் சீப்பா தெரியும், ஆனா செக்-இன் பேக் இருந்தா சிங்கப்பூர்ல இமிகிரேஷன் தாண்டி வெளிய வந்து பேக்கை எடுத்து மறுபடி போடணும், அதுக்கு சிங்கப்பூர் விசா வேணும். ஒரே புக்கிங்ல ரெண்டு ஃபிளைட்டும் வர்ற மாதிரி வாங்குங்க, இல்ல வெறும் ஏழு கிலோ கைப்பையோட போங்க. அந்தத் தீவுக்கு ஏழு கிலோவே ஜாஸ்தி, நாள் பூரா ஷார்ட்ஸும் செருப்பும்தான், போர்டு இங்க இருந்து தூக்கிட்டுப் போற எண்ணம் இருந்தா விட்டுடுங்க, விமானத்துல போர்டுக்குக் கட்டற காசுல அங்க பல நாள் வாடகைக்கே எடுத்துடலாம்.

செபுவுல இருந்து தீவுக்கு ரெண்டு வழி. நேரா ஃபிளைட், ஒரு மணி நேரத்துல சயாக் ஏர்போர்ட்ல இறங்கிடலாம், அங்க இருந்து ஷேர் வேன்ல 300 பெசோ சுத்தி கொடுத்தா ஜெனரல் லூனால உங்க ரூம் வாசல்லயே விட்டுடுவான். சின்ன புரொப்பெல்லர் விமானம், சீட்டு கம்மி, கடைசி நேரத்துல விலை எக்கச்சக்கமா ஏறும். ரெண்டு மாசம் முன்னாடியே ஆஃபர்ல கிடைச்சா யோசிக்காம அதையே எடுத்துடுங்க, சில நாள் கப்பல் செலவுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது.

ஆஃபர் கிடைக்கலன்னா கப்பல். செபு துறைமுகத்துல சாயந்தரம் ஏறினா ராத்திரி பூரா தூங்கிட்டே போயி விடியக்காலைல சுரிகாவ் நகரத்துல இறங்கலாம், கோகாலியோங் கம்பெனி கப்பல் இந்த ரூட்ல ஓடுது. கம்மி விலை டிக்கெட்னா திறந்த தளத்துல வரிசையா பங்க் கட்டில், நம்ம ஸ்லீப்பர் கோச் மாதிரியேதான், கூட வர்றவங்க எல்லாம் ஊருக்குப் போற குடும்பங்க, அரிசி மூட்டையில இருந்து சண்டைக்கோழி வரைக்கும் எல்லாம் ஏறும். ஏசி வேணும்னா கொஞ்சம் கூடக் கொடுக்கணும், ஆனா அந்த ஏசி ரூம் ரொம்பக் குளிரும், போர்வையும் சில கப்பல்ல தனிக்காசு. ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம்ங்கறதை மறக்காதீங்க. எல்லா நாளும் எல்லா கப்பலும் கிடையாது, கிழமை பார்த்து டிக்கெட் போடுங்க. சுரிகாவ்ல இறங்கினதும் டாபா போற படகு எங்கன்னு கேளுங்க, டாபாதான் தீவோட துறைமுகம். படகெல்லாம் அதிகாலைல ஆரம்பிச்சு மத்தியானத்தோட பெரும்பாலும் முடிஞ்சிடும், அதனால டீ, ஊர் சுத்தறது எல்லாம் அப்புறம், முதல்ல டிக்கெட். வேகமான படகுன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள, மெதுவான ஃபெர்ரின்னா மூணு நாலு மணி நேரம், விலையும் அதுக்கேத்த மாதிரி. ஒவ்வொரு துறைமுகத்துலயும் டெர்மினல் கட்டணம்னு சின்னதா ஒண்ணு வாங்குவாங்க, சில்லறை வெச்சுக்கோங்க.

டாபால இறங்கினதும் டிரைசைக்கிள்காரங்க (பைக்கோட பக்கத்துல சீட்டு பூட்டின ஆட்டோ மாதிரி) சுத்தி நிப்பாங்க. ஜெனரல் லூனா அங்க இருந்து சுமார் 15 கிலோமீட்டர், தனியா எடுத்தா காசு ஜாஸ்தி, மத்தவங்களோட பகிர்ந்துக்கிட்டா கம்மி. ஏறதுக்கு முன்னாடியே ஆளுக்கு எவ்வளவு, மொத்தமா எவ்வளவுன்னு தெளிவாப் பேசிடுங்க, படகுல உங்க கூட வந்த பேக்பேக்கர்ஸ் ரெண்டு மூணு பேர் கண்டிப்பா அதே ஊருக்குத்தான் போவாங்க, படகுலயே பேசி சேர்ந்துக்கோங்க. ஆமா, டாபாலயே ஏடிஎம்ல காசு எடுத்துக்கோங்க, முடிஞ்சா செபுலயே எடுத்துடறது இன்னும் நல்லது. தீவுல மெஷின் கம்மி, வார இறுதில காசு தீர்ந்து போயிடும், கரன்ட் போனா மெஷினும் போச்சு. ஒரு பெசோ நம்ம காசுல ஒன்றரை ரூபா சுத்தி வரும். சின்ன கடை, டிரைசைக்கிள், சர்ஃப் சொல்லித்தர்றவங்க எல்லாம் ரொக்கம்தான், உள்ளூர்க்காரங்க ஜிகேஷ்ங்கற ஃபோன் ஆப்ல வாங்குவாங்க, நம்மகிட்ட அது இருக்காது.

தங்கற இடம். கிளவுட் நைன் போற ரோட்டு மேலயே இருக்கற ஹாஸ்டல் எல்லாம் இடத்துக்குக் காசு வாங்கறது. ஊருக்குள்ள, மார்க்கெட்டுக்கும் சர்ச்சுக்கும் பக்கத்துல இருக்கற சந்துகள்ல குடும்பங்க நடத்தற ஹோம்ஸ்டே இருக்கு, ஃபேன் ரூம் 600ல இருந்து 1,000 பெசோவுக்குள்ள கிடைக்கும், டார்ம் படுக்கைன்னா 400ல இருந்து 700, சீசனைப் பொறுத்து மேல கீழ போகும். முதல் ரெண்டு ராத்திரிக்கு மட்டும் ஆன்லைன்ல புக் பண்ணுங்க, அப்புறம் நடந்து போய் கேட்டுப் பாருங்க, ஒரு வாரம் தங்கறேன்னு சொன்னா கண்டிப்பா குறைப்பாங்க. கேக்க வேண்டியது மூணு: சமையல் பண்ண அடுப்பு இருக்கா, கரன்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா, பக்கத்துல சேவல் வளக்கறாங்களா. மூணாவதை லேசா எடுத்துக்காதீங்க, காலைல நாலு மணிக்கு ஆரம்பிக்கும். கரன்ட் போறது அங்க சகஜம், பிரவுனவுட்னு சொல்வாங்க, டார்ச்சும் பவர்பேங்க்கும் கட்டாயம்.

உள்ளூர்க் குடும்பத்தோட இடத்துல தங்குங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு வேற காரணமும் உண்டு. 2021 டிசம்பர் 16ஆம் தேதி ஓடெட் புயல், வெளிநாட்டுப் பேரு ராய், முதல்ல கரையேறினதே ஜெனரல் லூனாலதான். தீவுல கூரையோட நின்ன வீடு சொற்பம், தென்னை மரமெல்லாம் சாஞ்சு போச்சு, கிளவுட் நைன் அலையை நின்னு பார்க்கற மரப்பாலம் இருந்த இடம் தெரியாம போச்சு. பாலத்தை திரும்பக் கட்டிட்டாங்க, பெரிய ரிசார்ட்டும் சீக்கிரம் எழுந்துடுச்சு, ஆனா சாதாரண குடும்பங்க கடன் வாங்கி ரூமா ரூமா கட்டினாங்க. நாம கொடுக்கற 700 பெசோ அவங்க கைக்கு நேரா போறது எனக்கு முக்கியமா படுது.

சாப்பாடு. கரிந்தேரியான்னு ஒரு வகைக் கடை இருக்கு, நம்ம மெஸ் மாதிரி யோசிச்சுக்கோங்க, முன்னாடி பாத்திரத்துல வரிசையா குழம்பு, பொரியல், மீன், கறி மூடி வெச்சிருப்பாங்க, நீங்களே மூடியைத் தொறந்து பார்த்து கை காட்டலாம். ஒரு கப் சோறு பத்துப் பதினஞ்சு பெசோ, ஒரு கறி 50ல இருந்து 90, வயிறு நிறைஞ்சிடும். பதினோரு மணிக்கே போங்க, அப்போதான் சூடா இருக்கும், நல்லதெல்லாம் ஒரு மணிக்குத் தீர்ந்துடும். காலைல பேக்கரில பாந்தேசால்னு சின்ன சின்ன பன்னு, சூடா வாங்கி முட்டையோ வாழைப்பழமோ வெச்சு சாப்பிட்டா அலைக்குப் போக அது போதும். சாயந்தரம் ரோட்டோரம் கரி அடுப்புல குச்சியில சுடுவாங்க, கோழி, பன்னி, குடல், மீன், எது எதுன்னு கேட்டுட்டு வாங்குங்க. முழுக்கோழி சுட்டது, லெச்சோன் மனோக், ஒண்ணு வாங்கினா மூணு பேர் சாப்பிடலாம், அங்க கூட்டமா போறவங்களுக்கு இதைவிட சீப்பான ராத்திரி சாப்பாடு கிடையாது. கினிலாவ் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்க, பச்சை மீனை வினிகர், இஞ்சி, வெங்காயம், மிளகாயோட ஊற வெச்சது, மீன் அன்னிக்குப் பிடிச்சதான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

சைவம் சாப்பிடறவங்களுக்கு நேராவே சொல்லிடறேன், கஷ்டம்தான். காய்கறின்னு சொல்லி வைக்கற பினக்பெத்துல இறால் விழுது இருக்கும், மொங்கோன்னு பாசிப்பயறு குழம்பு வெள்ளிக்கிழமை நிறைய கடைல பண்ணுவாங்க, அதுலயும் கருவாடோ பன்னிக்கறியோ போட்டிருப்பாங்க. முட்டை சாப்பிடறவங்களுக்கு தோர்த்தாங் தலோங் இருக்கு, கத்திரிக்காயை சுட்டு முட்டையில தோய்ச்சு போடறது, அருமையா இருக்கும். சுத்த சைவம்னா அடுப்பு இருக்கற ரூம் எடுங்க, வேற வழியே தேடாதீங்க. மார்க்கெட்ல அரிசி, கத்திரிக்காய், பூசணி, முருங்கைக்கீரை கூட கிடைக்கும், அங்க மலுங்காய்னு சொல்வாங்க. வீட்டுல இருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஒரு டப்பா கொண்டு போனீங்கன்னா ஒரு வாரம் ஓடிடும். இளநி, மாம்பழம், வாழை இதுக்கெல்லாம் ரோட்டுக்கடையை விட மார்க்கெட்தான் சீப்பு. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, பெரிய கேன் நிரப்பித்தர்ற கடை தெருவுக்குத் தெரு இருக்கு, பாட்டில் கொண்டு போய் நிரப்பிக்கோங்க.

சுத்தறதுக்கு ஸ்கூட்டர், ஒரு நாளைக்கு 350ல இருந்து 500 பெசோ, பெட்ரோல் தனி. தினமும் வேணாம். ஊர்ல இருந்து கிளவுட் நைன் ரெண்டு மூணு கிலோமீட்டர்தான், காலைல நடந்தே போலாம், இல்ல சைக்கிள் எடுங்க. தூரமா போற ரெண்டு நாளுக்கு மட்டும் ஸ்கூட்டர் எடுத்து அந்த நாள்லயே எல்லாத்தையும் பார்த்துடுங்க. டூ வீலர் லைசென்ஸ் இல்லாம ஓட்டாதீங்க, ஹெல்மெட் இல்லாம ஓட்டாதீங்க. ரோடு நல்லா போட்டிருக்கறதால வேகம் தன்னால ஏறும், நாய் குறுக்க வரும், மழை பேஞ்சா வழுக்கும், அங்க டூரிஸ்ட் அடிபடறது அலையில விட ஸ்கூட்டர்லதான் நிறைய பார்க்கலாம், கால் பூரா கட்டோட ஹாஸ்டல் திண்ணைல உக்காந்திருக்கறவங்களை எல்லா சீசன்லயும் பார்ப்பீங்க. லைசென்ஸ் இல்லாம விழுந்தா இன்ஷூரன்ஸ் பைசா தராது. ஓட்ட வராதவங்க ஹபால் ஹபால்னு சொல்ற பைக் டாக்சில பின்னாடி உக்காந்துக்கோங்க.

இப்போ அலைக்கு வருவோம். முதல்ல ஒண்ணு, கிளவுட் நைன் உங்களுக்கு இல்ல. எனக்கும் இல்ல. அது பாறை மேல முழங்கால் ஆழத் தண்ணியில உடையற அலை, பல வருஷம் பழகினவங்களே ரத்தம் வழிய வெளிய வருவாங்க. அந்த மரப்பாலத்துல சின்னக் கட்டணம் கட்டிட்டு காலைல ஆறு மணிக்குப் போய் நின்னு பாருங்க, அது ஒண்ணே அந்தத் தீவுக்கு வந்ததுக்குப் போதும். பாலத்துப் பக்கத்துலயே ஜாக்கிங் ஹார்ஸ்னு ஒரு அலை இருக்கு, சின்னது, நீளமா போகும், ஆரம்பக்காரங்களை அங்கதான் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா அதுவும் அடியில பாறைதான், மணல் இல்ல. அதனால ஏத்தம் வத்தம் பார்த்துத்தான் இறங்கணும், தண்ணி ஏறி இருக்கற ரெண்டு மூணு மணி நேரம்தான் நமக்குப் பாதுகாப்பு. டைட் டேபிள் காட்டற ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க, முந்தின ராத்திரியே பார்த்து வெச்சா உங்க நாளோட மத்த வேலையெல்லாம் அதைச் சுத்தி தானா அமைஞ்சிடும்.

இங்கதான் காசைக் குறைக்காதீங்கன்னு சொன்னேன். உள்ளூர் இன்ஸ்ட்ரக்டர் போர்டோட ஒரு மணி நேரத்துக்கு 500ல இருந்து 700 பெசோ சுத்தி வாங்குவாங்க. யூடியூப் பார்த்துட்டு வந்திருக்கேன், போர்டு மட்டும் கொடுங்கன்னு கேக்கறவங்களை நிறைய பார்க்கறோம், தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. அந்த ஆளு தர்றது வெறும் பாடம் இல்ல. எந்த இடத்துல பாறை மேல ஏறி நிக்குது, எங்க முள்ளம்பன்னி மாதிரி கடல்முள்ளி கும்பலா கிடக்கு, எந்தப் பக்கம் நீரோட்டம் வெளிய இழுக்குது, எந்த அலையை விடணும்னு சின்ன வயசுல இருந்து அங்கயே நீந்தினவங்களுக்குத்தான் தெரியும். அவங்கதான் உங்களை சரியான அலைக்கு பின்னாடி இருந்து தள்ளி விடுவாங்க, அந்த ஒரு தள்ளுல நீங்க எழுந்து நிக்கறது நடக்கும். மூணு நாலு பாடமாவது ஒரே ஆளோட எடுங்க, அவருக்கும் உங்க பழக்கம் புரியும், விலையும் தன்னால குறையும், அப்புறம் போர்டு மட்டும் அரை நாளுக்கு எடுத்து அவர் கண்ணு முன்னாடியே தனியா பழகுங்க. ரிசார்ட் ரிசப்ஷன்ல புக் பண்ணா நடுவுல ஒரு பங்கு போயிடும், கடற்கரைக்கே போய் நேரா பேசுங்க. மணி எப்போ ஆரம்பிக்குது, போர்டு சேர்த்தா இல்லையா, போட்டோ எடுத்தா தனிக்காசா, இதை முன்னாடியே கேட்டுக்கோங்க. வயசுல மூத்தவர்னா கூயான்னு கூப்பிடுங்க, பெண்ணா இருந்தா ஆத்தே, நம்ம ஊர்ல அண்ணா அக்கான்னு கூப்பிடற மாதிரிதான். பாடம் நல்லா இருந்தா கடைசி நாள் கொஞ்சம் கூடக் கொடுங்க, அலை இல்லாத மாசத்துல அவங்களுக்கு வருமானம் குறைஞ்சிடும்.

நீச்சல் தெரியாதவங்க கிளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஏதாவது ஒரு குளத்துல சேர்ந்துடுங்க, நூறு மீட்டர் நிக்காம நீந்தணும், மூச்சு வாங்கினா மல்லாக்க மிதக்கணும், அது வந்தா போதும். சென்னைக்குப் பக்கத்துல இருக்கறவங்க கோவளத்துல சர்ஃப் ஸ்கூல்ல ரெண்டு கிளாஸ் போயிட்டு வாங்க, அடியில மணல், விழுந்தா வலிக்காது, போர்டு மேல படுத்து எழுந்து நிக்கற அசைவு உடம்புக்குப் பழகிடும், அதைப் பாறை மேல போய் முதல் தடவை கத்துக்கறதை விட இங்கயே முடிச்சிட்டுப் போறது காசுலயும் மிச்சம். வீட்டுத் தரையில பாய் போட்டு தினம் இருபது தடவை படுத்து எழுந்து பழகினாக்கூட அங்க போய் வித்தியாசம் தெரியும்.

தண்ணியில சில பழக்கம். விழும்போது தட்டையா விழுங்க, தலை குப்புற டைவ் அடிக்காதீங்க, கால் ஊன்றாதீங்க, மேல வரும்போது ரெண்டு கையும் தலை மேல இருக்கட்டும். போர்டைக் கைவிட்டுடாதீங்க, பின்னாடி வர்றவங்க மூஞ்சில அடிக்கும். அலை உடையற முனைக்கு யாரு கிட்ட இருக்காங்களோ அலை அவங்களுது, குறுக்க போகக்கூடாது. முழுக்கை ரேஷ்கார்டு (உடம்போட ஒட்டற நீச்சல் சட்டை) ஒண்ணு கண்டிப்பா போடுங்க, வெயிலுக்கும் சரி, போர்டு உரசி மாருல தோல் போறதுக்கும் சரி. ரீஃப் ஷூ நம்ம ஊர்லயே வாங்கிட்டுப் போங்க. பாறை கிழிச்சா சின்னக் கீறல்தானேன்னு விடாதீங்க, பவளத்தூள் உள்ள நின்னா அந்த ஈரக்காத்துல ரெண்டே நாள்ல சீழ் பிடிக்கும், நல்ல தண்ணில தேய்ச்சுக் கழுவி, ஆன்டிசெப்டிக் போட்டு, காயற வரைக்கும் கடல்ல இறங்காதீங்க. தீவுல ஆஸ்பத்திரி வசதி குறைவு, பெருசா ஏதாவது ஆனா சுரிகாவுக்கோ செபுவுக்கோ போகணும், அதனால டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சர்ஃபிங்கும் பைக்கும் அதுல சேருதான்னு படிச்சுப் பார்த்து எடுங்க.

அலை இல்லாத நாள்ல பார்க்க நிறைய இருக்கு. மூணு தீவு படகுப் பயணம், நேக்கட், டாக்கு, குயாம், இது படகுக்குத்தான் வாடகை, தலைக்கு இல்ல, அதனால ஆறேழு பேர் சேர்ந்தா ஆளுக்கு ரொம்பக் கம்மியா வரும், ஹாஸ்டல்ல முந்தின நாள் ராத்திரி கேட்டாலே ஆள் சேர்ந்துடும். டூர் ஏஜென்ட்கிட்ட சாப்பாட்டோட பேக்கேஜ் வாங்கறதுக்குப் பதிலா காலைல மார்க்கெட்ல மீனும் அரிசியும் வாங்கிட்டுப் போங்க, டாக்குல ஊர்க்காரங்க சின்னக் கூலிக்கு சமைச்சுக் கொடுப்பாங்க. நேக்கட்ல ஒரு மரம் கூட கிடையாது, வெறும் மணல் திட்டு, தொப்பி வேணும். மக்புபுங்கோ பாறைக் குளம் பிலார் பக்கம் இருக்கு, தண்ணி வத்தின நேரத்துல மட்டும்தான் குளம் தெரியும், ஏத்தத்துல போனா வெறும் கடல்தான், அதுக்கும் அதே டைட் ஆப்தான். போற வழியில மாசின் ஆத்தங்கரையையும் தென்னந்தோப்பு மேட்டையும் சேர்த்துப் பார்த்துடலாம், வடக்கே பசிபிக்கோ கடற்கரை வரைக்கும் விட்டீங்கன்னா கூட்டமே இல்லாத சியர்காவ் கிடைக்கும். சுக்பா லகூன் டெல் கார்மென்ல இருந்து படகுல போறது, போற வழி பூரா அலையாத்திக் காடு, பிச்சாவரம் பிடிச்சவங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். சொஹோதோன்ங்கற குடா மட்டும் தூரம், படகுக்கே நாள் செலவைத் தாண்டிடும், அந்தக் காசுக்கு ரெண்டு மூணு சர்ஃப் பாடம் எடுக்கறது மேல்ங்கறது என் முடிவு.

மொத்தமா ஒரு கணக்கு போட்டா, டார்ம் 500, சாப்பாடு 350, ஒரு மணி நேரப் பாடம் 600, மத்தது 150, ஆக 1,600 பெசோ, நம்ம காசுல சுமார் 2,400 ரூபா. பாடம் இல்லாத நாள்ல ஆயிரம் பெசோவுக்குள்ள முடிச்சிடலாம். பீர், காபி ஷாப், பார்ட்டி இதெல்லாம் இதுல கிடையாது, அங்க ஒரு ஸ்டைல் காபி விலைக்கு கரிந்தேரியால ரெண்டு வேளை சாப்பிடலாம்.

திரும்பற பிளான் பத்தி முன்னாடி சொன்னேன்ல. காத்தழுத்தத் தாழ்வு வந்தாலோ புயல் எச்சரிக்கை ஏத்தினாலோ கோஸ்ட் கார்ட் படகு, ஃபெர்ரி எல்லாத்தையும் நிறுத்திடும், விமானமும் நிக்கும், ரெண்டு நாள் ஆனாலும் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. அதனால செபுல இருந்து ஊருக்குக் கிளம்பற ஃபிளைட்டுக்கும் தீவை விட்டுக் கிளம்பற நாளுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு முழு நாள், ஜூலைக்கு மேல போறீங்கன்னா ரெண்டு நாள் விடுங்க, 14 நாள் கணக்குக்குள்ளயே அது அடங்கற மாதிரி. டாபால இருந்து காலைல முதல் படகு பிடிச்சா சுரிகாவ்ல மத்தியானம் சாப்பிட்டுட்டு ராத்திரி செபு கப்பல் ஏற நேரம் தாராளமா இருக்கும், கப்பல் டிக்கெட்டை மட்டும் ஒரு நாள் முன்னாடியே ஜெனரல் லூனாலயோ டாபாலயோ விசாரிச்சு வாங்கி வெச்சுக்கோங்க, விடுமுறை வாரத்துல சுரிகாவ் கவுண்டர்ல போய் நின்னா பங்க் கிடைக்காது.